பித்தளைப் பிக்கார்டும் புதிய பிரிட்ஜும்: பழைய மின்கிட்டார் ஒன்றைக் கைவேலையால் மாற்றியமைத்தல்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெலிகாஸ்டர் வடிவில் செய்யப்பட்ட, விலை குறைந்த மின்கிட்டார் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதன் நெக், அதாவது விரல்கள் ஓடும் கழுத்துப்பகுதி, என் கைக்கு நன்றாகப் பழகிவிட்டதால், அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்க மனம் வரவில்லை. ஆயினும் தந்திகளை முறுக்கும் ட்யூனர்கள் தளர்ந்து சுருதி நிற்பதில்லை. நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் மூன்றாம் தந்தி சிக்கிக்கொண்டு, வளைத்து மீட்டிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. வால்யூமைத் திருகினால் மணலைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு கேட்கிறது.

டெலிகாஸ்டர் என்ற வடிவமே பிரித்து மாற்றுவதற்கு ஏற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். லியோ ஃபெண்டர் 1950-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, நெக் முதற்கொண்டு எல்லாவற்றையும் திருகாணியால் பூட்டும்படியே அமைத்தார். ஆகவே என் கிட்டாரின் உடலையும் நெக்கையும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் மாற்ற விரும்புகிறேன்.

அவற்றுள் இரண்டு பாகங்களை நம் ஊர்க் கைவேலையாகச் செய்ய ஆசை. எனக்கு மாமா முறையாகும் உறவினர் ஒருவர் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் நெடுங்காலமாக வேலை செய்கிறார். மீட்டும் கை உரசாமல் உடலைக் காக்கும் தகடான பிக்கார்டையும், வால்யூம், டோன் ஆகியவற்றைத் திருகும் பாட்களைத் தாங்கும் கட்டுப்பாட்டுத் தகட்டையும் பித்தளையில் வெட்டி, அவற்றின்மேல் கொடியும், விளக்கின் உச்சியில் அமரும் அன்னமும் செதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1.5 மி.மீ. தகடு கையிருப்பில் இருக்கிறதாம். அந்தத் தடிமன் பொருந்துமா, பித்தளையானது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் ஒலியைப் பாதிக்குமா, எந்தப் பாகத்தை முதலில் வாங்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மின்சுற்று எழுதியது:

நண்பரே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதைச் சார்ந்தவை. பாதிக்கும், எப்படிப் பாதிக்கும் என்பது தெரிந்தால் அதைத் தடுக்கவும் முடியும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதே மாற்றம் அருகிலுள்ள எந்தக் கடத்தியிலும் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். நெக்குக்கு அருகில் அமரும் நெக் பிக்கப்பைச் சுற்றி இடைவெளியின்றிப் பித்தளை இருந்தால், அது முனைகள் இணைக்கப்பட்ட ஒரே ஒரு சுற்றுக் கம்பியைப் போல நடந்துகொள்ளும். அதில் ஓடும் மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தையே எதிர்க்கும். அதிர்வெண் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். அதனால் ஒலியின் மேல்முனை, அதாவது டெலிகாஸ்டரை டெலிகாஸ்டராக்கும் அந்தக் கூர்மை, மழுங்குகிறது. மலிவான கிட்டார்களில் நெக் பிக்கப்பின் மூடியைப் பித்தளையில் செய்து குரோமியம் பூசிவிடுவதால் ஒலி மங்குவதாகப் பலர் குறைகூறுவதற்கும் இதுவே காரணம். நல்ல மூடிகளை நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் உலோகக் கலவையில் செய்கிறார்கள். அதன் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். பித்தளைக்கோ அது 28 விழுக்காடு அளவில் இருக்கிறது.

இதற்கு மாற்று எளியது. பிக்கப் அமரும் துளையிலிருந்து தகட்டின் ஓரம் வரை ஒரு மெல்லிய பிளவை அறுத்துவிடுங்கள். வளையம் அறுந்துவிட்டால் அந்த மின்னோட்டம் சுற்றிவர வழியில்லை. டெலிகாஸ்டரில் நெக் பிக்கப்பின் துளைக்கும் நெக் செருகும் வெட்டுக்கும் இடையே சிறிதளவு தகடே இருப்பதால், பிளவு நீளமாகவும் இராது, கண்ணில் உறுத்தவும் செய்யாது. தகடு ஒரே துண்டாகவே நிற்பதால், எர்த் கம்பியை ஓரிடத்தில் இணைத்தாலே போதும்.

நன்மையும் உண்டு. எர்த்துடன் இணைத்த உலோகத் தகடு, விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் வரும் மின்புல இரைச்சலைப் பெரிதும் தடுக்கும். பிளாஸ்டிக் பிக்கார்டைக் கை உரசும்போது எழும் நிலைமின்னூட்டப் படபடப்பும் வராது. ஃபெண்டர் நிறுவனமே 1950-களின் பிற்பகுதியில் சில மாதிரிகளில் அலுமினியப் பிக்கார்டுகளைப் பொருத்தியது. ஆனால் மின்மாற்றிகளின் காந்தப்புலத்திலிருந்து ஒற்றைச் சுருள் பிக்கப்பில் புகும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைப் பித்தளை தடுக்காது. அதை எதிர்பார்த்துப் பின்னர் ஏமாற வேண்டாம்.

பழைய பட்டறை எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டார் பழுது பார்த்துவருகிறேன். உன் மூன்றாவது கேள்விக்கு என் விடை இதுதான்: வாங்க வேண்டியவை எல்லாம் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் அளந்து முடிக்கும்வரை மாமாவை உளியைத் தொடச் செய்யாதே. ஒரு மாதம் செதுக்கிய தகட்டில் துளை 2 மி.மீ. தள்ளி விழுந்துவிட்டால் அந்த வேலை முழுதும் வீண். அப்படி வீணான ஒரு தகட்டை நான் என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன்.

பாட்களை எடுத்துக்கொள். மலிவான கிட்டார்களில் இருக்கும் சிறிய பாட்களின் கழுத்துக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. துளை போதும், நீ வாங்கப்போகும் முழு அளவுப் பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. வேண்டும். தண்டின் பற்களும் வேறுபடும். 18 பல் தண்டுக்காகச் செய்த குமிழ் 24 பல் தண்டில் ஒழுங்காக அமராது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோஓம் பாட் வாங்கு. டோன் கெப்பாசிட்டருக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் இரண்டில் எதுவும் சரிதான். அதை முதலைக்கவ்வியால் தொங்கவிட்டு இரண்டையும் கேட்டுப் பார்த்தபின் சால்டர் செய்யலாம்.

உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையிலுள்ள தூரம் பழைய ஃபெண்டர் அளவில் ஏறத்தாழ 54 முதல் 56 மி.மீ. வரை; இன்றைய பல பிரிட்ஜ்களில் அது 52.5 மி.மீ. உன் நெக்கின் ஓரத்துக்கும் பிக்கப்பின் காந்தமுனைகளுக்கும் எது பொருந்துகிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். தந்திகள் உடலின் பின்புறத்திலிருந்து ஏறிவரும் வகையா, பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே கோக்கும் வகையா என்பதையும், நான்கு திருகாணித் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள். பழைய துளைகள் பொருந்தாவிட்டால் வன்மரக் குச்சியைப் பசையிட்டு அடித்து அடைத்தபின் புதிதாகத் துளையிடு. 10–46 தந்திக் கட்டு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் தந்திகளின் தடிமன்) இந்த 648 மி.மீ. தந்தி நீளத்தில் ஏறத்தாழ 47 கிலோ இழுவிசையைத் தருகிறது. தீக்குச்சியைச் செருகி முடிக்கும் வேலையை அது மன்னிக்காது.

ட்யூனர்களுக்கும் அதே கதைதான். நவீன ட்யூனர்களுக்கு 10 மி.மீ. துளை வேண்டும், பழைய வகைக்கு ஏறத்தாழ 8.7 மி.மீ. போதும். துளையைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது தொல்லை. நட்டுக்கு எருமை எலும்பு நன்றாக வேலை செய்யும். வீட்டில் எலும்பு வேண்டாம் என்றால் பித்தளையிலேயே செய்யலாம், அது விரலால் அழுத்தாத தந்தியின் ஒலியை மட்டும் சற்றுப் பளிச்சென்று ஆக்கும். உன் மூன்றாம் தந்தி சிக்குவதற்குப் பொருளைவிடப் பள்ளத்தின் அகலமே காரணமாக இருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பிக்கார்டைக் காகிதத்தில் அச்செடுத்து, சென்டிமீட்டர் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தேன். ஏறத்தாழ 200 சதுர செ.மீ. வருகிறது. பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.5 கிராம் என்று கொண்டால், 1.5 மி.மீ. தகடு 255 கிராமும் 1 மி.மீ. தகடு 170 கிராமும் இருக்கும். கிட்டாரின் எடை இப்போதே 3.6 கிலோ என்பதால் 1 மி.மீ. போதுமென்று தோன்றுகிறது. அந்தத் தடிமனில் செதுக்க முடியுமா?

பிரிட்ஜின்மேல் தந்திகள் அமரும் சேடில்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று பித்தளைச் சேடில்கள் கொண்ட பழைய அமைப்பே எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊர்க் கடைசல் பட்டறையிலேயே அவற்றைச் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு சேடிலில் இரண்டு தந்திகள் அமர்வதால் சுருதி பிசகும் என்கிறார்களே?

பொன்வேலை எழுதியது:

தஞ்சாவூர்த் தட்டு செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனால் என் மகன் காட்டிய இந்த விவாதத்தில் தகட்டைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

செதுக்குவதும் புடைப்பதும் வெவ்வேறு வேலைகள். உளியால் கோடு கீறிச் செதுக்குவதற்கு 1 மி.மீ. தகடு தாராளமாகப் போதும், ஏனெனில் கோட்டின் ஆழம் தகட்டின் தடிமனில் சிறு பங்குதான். பின்புறத்திலிருந்து தட்டி உருவத்தை எழுப்ப வேண்டுமானால் அதைவிட மெல்லிய தகடே இணங்கும். அதை அரக்கு பரப்பிய பலகையின்மேல் இளஞ்சூட்டில் பதித்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். அப்படி எழுப்பிய உருவத்தின் உட்குழிவு வெறுமையாக இருந்தால் அழுத்தம் பட்டதும் நசுங்கும் என்பதால், உள்ளே அரக்கையோ பிசினையோ நிரப்பிவிடுவது நல்லது. வாசிக்கும் கை உரசும் இடத்தில் புடைப்பு வேண்டாம் என்றும், அங்கே கோட்டுச் செதுக்கல் மட்டும் இருக்கட்டும் என்றும் என் மகன் சொல்கிறான். அன்னத்தைத் தகட்டின் கீழ்வளைவில் அமர்த்தி, அதன் அலகிலிருந்து கொடியைக் கோடாகவே பிக்கப் வரை ஓடவிட்டால் இரண்டும் இசைந்துவிடும்.

இன்னொன்றையும் உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள். தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்து வளையும். வேலை முடிந்ததும் சமதளக் கல்லில் வைத்து மரச்சுத்தியால் நேராக்காவிட்டால், திருகாணி பூட்டிய பிறகும் ஓரங்கள் தூக்கிக்கொண்டு, மீட்டும்போது சலசலக்கும். பிளவைச் செதுக்கலுக்கு முன்பே குறித்துக்கொண்டு, கொடியின் தண்டு அந்தக் கோட்டின் வழியாகவே செல்லும்படி வரைந்துவிட்டால், அது குறையாகத் தெரியாமல் சித்திரத்தின் பகுதியாகிவிடும்.

பழைய பட்டறை எழுதியது:

அம்மா சொன்னவை பொன்னான சொற்கள். புடைப்பு வேலை சலசலக்கும் என்பது எனக்குத் தோன்றாத செய்தி.

தம்பி, சேடிலைப் பற்றி. 1950-களின் தந்திக் கட்டில் மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பித் தந்தியாகவே இருந்தது. அதனால் மூன்று நேர்ச் சேடில்களால் சமாளிக்க முடிந்தது. இன்று மூன்றாம் தந்தி வெறும் தந்தி. அதற்கு நான்காம் தந்தியைவிட ஓரிரு மி.மீ. கூடுதல் நீளம் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே சேடிலில் அமர்கின்றன. ஆகவே நடுச் சேடிலைச் சற்றுச் சாய்வாக அமைக்க வேண்டும். மூன்றாம் தந்தியின் பக்கம் பின்னும், நான்காம் தந்தியின் பக்கம் முன்னும் இருக்கட்டும். மற்ற இரு சேடில்களில் ஆறாம் தந்தியும் இரண்டாம் தந்தியும் பின்னால் அமர வேண்டியவை. திருகாணித் துளையையே சற்றுச் சாய்த்துத் துளைத்து மரையிட்டால் உருளையான சேடில் தானாகவே சாய்ந்து நிற்கும்.

கடைசல் பட்டறையில் கிடைக்கும் பித்தளைக் கம்பியில், எளிதாகக் கடைய வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 3 விழுக்காடு ஈயம் சேர்த்திருப்பார்கள். ராவும்போது முகக்கவசம் அணிந்துகொள், சாப்பிடுவதற்கு முன் கையை நன்றாகக் கழுவு.

தந்திநாதம் எழுதியது:

மாற்றுக்கருத்து ஒன்றை மரியாதையுடன் முன்வைக்கிறேன். ஒலியைக் கெடுக்கக்கூடும் என்று அறிந்தே ஓர் அலங்காரத்தைச் சேர்த்து, பிறகு அதைச் சரிசெய்யப் பிளவு அறுப்பது ஏன்? பிளாஸ்டிக் பிக்கார்டை அப்படியே விட்டு, அந்தப் பணத்தை நல்ல பிக்கப்புக்குச் செலவிடுவது முறையல்லவா?

மின்சுற்று எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் அலங்காரத்தையும் வேலையையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்துப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. லண்டனில் கிட்டார் செய்த டோனி ஸெமைடிஸ், 1970-களின் தொடக்கத்தில் கிட்டாரின் முகப்பு முழுவதையும் உலோகத் தகட்டால் மூடத் தொடங்கியது இரைச்சலைத் தடுப்பதற்காகத்தான். அந்தத் தகட்டின்மேல் துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்கிவந்த டேனி ஓ'பிரையன் உளி பிடித்தார். ரானி வுட் போன்ற ராக் கிட்டார் கலைஞர்கள் அவற்றை மேடையேற்றினார்கள். அங்கே கவசமும் சித்திரமும் ஒரே தகடுதான்.

நம் வீணையையும் எண்ணிப் பாருங்கள். குடத்தின்மேல் செய்யும் வேலைப்பாடும் யாளி முகமும் பலா மரத்தைச் செதுக்கிய அதே பட்டறையில் உருவாகின்றன. முன்பு ஓரங்களில் தந்தத்தையும் மான்கொம்பையும் பதித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் மறைந்து, பிளாஸ்டிக் அந்த இடத்துக்கு வந்தது. கிட்டாரில் அவற்றைப் பதிக்க யாரேனும் எண்ணினால் இங்கேயே கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர் காவிரிக்கரைக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை. தகட்டை எர்த்துடன் இணைத்தபின், உங்கள் கையும் முழங்கையும் எப்போதும் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துடன் தொடர்பில் இருக்கும். தந்திகள் ஏற்கெனவே அப்படித்தான் இணைந்திருக்கின்றன, ஆயினும் தொடும் பரப்பு இப்போது பன்மடங்காகிறது. வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாம் துளைக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானையும் பொருத்துங்கள். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். இதை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. பழைய மண்டபங்களில் வாசிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கட்டுப்பாட்டுத் தகடு தவிர வேலை முடிந்தது. நடந்தவற்றை வரிசையாகச் சொல்வது அடுத்து முயல்பவர்களுக்குப் பயன்படலாம்.

பாட்கள், பிரிட்ஜ், ட்யூனர்கள் ஆகிய மூன்றையும் வாங்கி அளந்தபின் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக் கிட்டாரின்மேல் பொருத்திப் பார்த்தோம். எட்டுத் திருகாணித் துளைகளில் இரண்டு, இணையத்தில் கிடைத்த வரைபடத்துடன் பொருந்தவில்லை. அட்டை மாதிரி இல்லாவிட்டால் தகடு வீணாகியிருக்கும். மாமா 1 மி.மீ. தகட்டை வெட்டி, அரக்குப் பலகையில் பதித்து, ஏழு வாரங்கள் மாலை நேரங்களில் செதுக்கினார். அன்னத்தின் இறகுகளை மட்டும் மூன்று முறை வரைந்து அழித்தார். விளக்கின் உச்சியில் நிற்கும் அன்னத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கலாம், தட்டையான தகட்டில் அதன் கழுத்து வளைவை ஒரே கோட்டில் சொல்லியாக வேண்டும் என்றார். அந்த ஒரு கோட்டுக்காக அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தது என் பேறு.

பிளவை அறுப்பதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. கொடியை அந்த வழியாகவே வரைந்திருந்தும், முடிந்த வேலையில் வாளை வைக்கத் தயங்கினார். ஆகவே முதலில் பிளவின்றியே பூட்டி, அதே தந்திகள், அதே ஆம்ப்ளிஃபயர் அமைப்பில் பதிவு செய்தோம். பிளாஸ்டிக் பிக்கார்டுடன் முன்பு எடுத்த பதிவுடன் ஒப்பிட்டபோது, நெக் பிக்கப்பின் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மாமா இரண்டையும் கண்மூடிக் கேட்டார்; பிறகு ஒன்றும் சொல்லாமல் இழைவாளை எடுத்துத் தாமே அறுத்தார்.

அதன் பிறகும் ஒலி பாதிதான் திரும்பியது. காரணம் தெரியாமல் இரண்டு நாள் திகைத்தேன். மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தபோது பிக்கப்பின் உலோக மூடி, பிளவின் இரு பக்கமும் தகட்டை உரசிக்கொண்டிருந்தது. அறுத்த வளையத்தை மூடியே பாலம் போட்டு மீண்டும் இணைத்திருக்கிறது. துளையின் விளிம்பைச் சுற்றி அரை மி.மீ. ராவியபின் கூர்மை முழுமையாக வந்துவிட்டது. குழிக்குள் ஒட்டியிருந்த செம்புத் தாளையும் பிளவுக்கு நேர்க்கீழே கிழித்து எடுத்தேன். அதுவும் அதே தவற்றைச் செய்யக்கூடும்.

தகட்டுக்கு எர்த் கொடுப்பதில் ஒரு சிக்கல். பித்தளை சூட்டை உடனே பரப்பிவிடுவதால் சால்டர் ஒட்டவில்லை. வளைய முனையொன்றில் கம்பியை இணைத்து, அதைத் திருகாணிக்கு அடியில் அழுத்திப் பூட்டினேன். சாய்வாகத் துளைத்த சேடில்களால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (மெட்டில்) ஐந்து தந்திகள் சரியாக நிற்கின்றன. நான்காம் தந்தி மட்டும் மிகச் சிறிதளவு கூடுகிறது, செவிக்கு அது தெரிவதில்லை. நட்டை எலும்பில் செய்தேன். பழைய பட்டறை ஐயா சொன்னபடி குறை பள்ளத்தில்தான் இருந்தது. கிட்டாரின் எடை இப்போது 3.8 கிலோவுக்குச் சற்று மேல். புதிய ட்யூனர்களால் தலைப்பக்கம் கூடிய எடையை உடலிலுள்ள பித்தளை ஈடுசெய்வதால், தோளில் மாட்டினால் நெக் கீழே சாய்வதில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வியர்வை பட்டுத் தகடு ஆங்காங்கே கறுக்கிறது. வீட்டில் விளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கலாமா?

தந்திநாதம் எழுதியது:

பதிவுகள் இரண்டையும் கேட்டேன். பிளவுக்குப் பிந்தைய ஒலியில் குறைகாண முடியவில்லை. இரைச்சலும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

பொன்வேலை எழுதியது:

புளியால் துலக்கலாம், ஆனால் தகட்டைக் கிட்டாரிலிருந்து கழற்றிய பிறகே. புளியின் அமிலம் செதுக்கிய கோடுகளுக்குள் தங்கினால் சில நாள்களில் பச்சை பூக்கும். திருகாணிகளில் பட்டால் துருப்பிடிக்கும். துலக்கியபின் நீரை மாற்றி மாற்றி நன்றாக அலசி, மெல்லிய தூரிகையால் கோடுகளைத் தேய்த்து, வெயிலில் உலர்த்துங்கள். கோடுகளுக்குள் இருக்கும் கறுப்பை முழுதும் எடுத்துவிட வேண்டாம், அந்தக் கறுப்பால்தான் அன்னத்தின் இறகு தனித்துத் தெரிகிறது. பிறகு தேன்மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்தால் சில மாதங்கள் தாங்கும். நிறமற்ற வார்னிஷ் அடிப்பதானால், எர்த் முனை அமரும் துளையைச் சுற்றி அடிப்பக்கத்தில் ஒரு காசளவு இடத்தைப் பூச்சின்றி விட்டுவையுங்கள் என்று என் மகன் நினைவூட்டுகிறான்.

காவிரிக்கரை எழுதியது:

நன்றி அம்மா. அடுத்த முறை தந்தி மாற்றும்போது தகட்டைக் கழற்றித் துலக்கிவிட்டு, தேன்மெழுகே பூசுகிறேன். கட்டுப்பாட்டுத் தகட்டுக்கு மாமா இப்போதுதான் கொடியை வரையத் தொடங்கியிருக்கிறார். பாட்களின் துளைகளை இம்முறை அவரே முதலில் அளந்து குறித்துவிட்டார்.